பேஸ்பாலிடம் பூக்கேட்டவனுக்கு

இன்றைக்குக் காலையில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் எனக்கு முன்னால் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தான். தலையில் உன் பேஸ்பால் டீமின் தொப்பி. அதே சிவப்பு, நெற்றியில் அதே ஒற்றை எழுத்து. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம்தானே? இருக்கவில்லை. "தம்பி, இது எந்த டீம் தொப்பி தெரியுமா?" என்று கேட்டேன். "டீமா? நான் வெயிலுக்குப் போட்டிருக்கேண்ணே" என்றான். எனக்கு எரிச்சலான எரிச்சல். அவன்மேல் இல்லை, உன்மேல்தான். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஈராக்கில் சண்டை நடந்த வருஷம் அது. பஹ்ரைனில் மனாமா முழுக்க அமெரிக்கக் கடற்படைக் கப்பல்காரர்கள். நம் ஹோட்டலின் கீழ்த்தள ரெஸ்டாரண்டில் அவர்களுக்காகவே பெரிய டிவி வாங்கி மாட்டி, விடிந்தால் அடைந்தால் பேஸ்பால் ஓடவிட்டார்கள். நீ அங்கே வெயிட்டர், நான் கிச்சனில். குதைபியாவில் ஒரே ரூம், மேல்கட்டில் உனக்கு, கீழ்க்கட்டில் எனக்கு. எவனோ ஒரு கப்பல்காரன் மேஜைமேல் கெச்சப் பாட்டில்களை நாலு மூலையில் வைத்து உனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தான். நீ ரூமுக்கு வந்து நாலு வெங்காயத்தை வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். சமைக்க எடுத்து வைத்த வெங்காயம்.

"ஓவரே இல்லாத ஆட்டம் என்னடா ஆட்டம்?" என்றேன்.

"அதான் மாப்ள விசேஷம். ட்ராவும் கெடையாது. எம்புட்டு நேரமானாலும் ஒருத்தன் ஜெயிச்சாத்தான் வீட்டுக்கு விடுவாங்க. முடிவு தெரியாம எந்திரிக்க முடியாது."

எதையும் முடிவெடுக்கத் தெரியாத உனக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. போயும் போயும் முந்தின வருஷம் கடைசியில் கிடந்த ஒரு டீமைப் பிடித்துக்கொண்டு "நம்ம பயலுக" என்றாய். சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் அங்கே அநேகமாக தினமும் ஆட்டம். ரூமுக்குக் கீழே கோல்ட் ஸ்டோர் என்று மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை பாய்கூட, நீ ஃபோன் கார்டு வாங்கப் போனால், "என்ன தம்பி, ஒங்க பயலுவோ நேத்தும் தோத்துட்டாங்களா?" என்றுதான் விசாரிப்பார்.

அந்த அக்டோபரில் உன் கான்ட்ராக்ட் முடிகிறது. "போதும், இத்தோட வந்துருங்க" என்று உன் மனைவி ஒவ்வொரு ஃபோனிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின லீவில் நீ போனபோது உன் மகள் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த மாமா எப்பப் போவாக?" என்று கேட்டாளாம். திரும்பி வந்து எங்களிடம் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, துணி துவைத்துக்கொண்டே அந்தத் திட்டத்தைச் சொன்னாய். நம் பக்கத்தில் பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று குழப்பமாக இருந்தால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வோமே, அதுமாதிரி.

"இந்த ஊர்ல நான் எங்க போயி பூக்கேக்குறது? நம்ம பயலுக இந்த வருஷம் கடைசிச் சுத்துகளுக்குள்ள நொழைஞ்சா, விசா கேன்சல், ஊருக்குப் போயிருவேன். நொழையலன்னா இன்னும் ரெண்டு வருஷம்."

"ஏன்டா, நீ பெத்த புள்ளையப் பாக்கப் போறதுக்கு எவனோ அமெரிக்காக்காரன் மட்டையத் தூக்கணுமா?"

"சாமிக்கு அமெரிக்கா தெரியாதா மாப்ள?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஆட்டம் என்னையும் இழுத்துவிட்டது. அவர்கள் தோற்றால் உன் வீட்டில் விளக்கு எரியாது என்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் கிச்சன் ஜன்னல் வழியாக ஸ்கோர் பார்க்கத் தொடங்கினேன். ஜூலையில் அடி மேல் அடி வாங்கினார்கள். முகம் தெரியாத பவுலர்களைத் தமிழில் திட்டினேன். ஆகஸ்டில் திடீரென்று யார் செய்த புண்ணியமோ, ஜெயிக்க ஆரம்பித்தார்கள். செப்டம்பர் முடிவில் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. ஜெயித்தால் உள்ளே, தோற்றால் வீட்டுக்கு.

அங்கே மத்தியானம், நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். சமமாக நின்று, இழுத்து, மறுபடி சமமாக நின்று, கடைசியில் நம்ம பயல் ஒருத்தன் பந்தை வெளியே அடித்தான். நீ தட்டை மேஜையில் போட்டுவிட்டு, கிச்சனுக்குள் ஓடிவந்து, மாவுக் கையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாய். "பூ விழுந்துருச்சு மாப்ள! நான் ஊருக்குப் போறேன்!" மறுநாளே பாய் பால்பவுடர் வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கொடுத்து, "நல்ல முடிவு தம்பி. யல்லா, கெளம்பு" என்றார். அதில் நீ முதலில் போட்டது உன் மகளுக்கு வாங்கிய கம்பளிப் போர்வை. நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி! நான் கிண்டல்கூடச் செய்யவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ரெண்டு நாள் கழித்து டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாய். "இது சும்மா உள்ள நொழைஞ்சதுதானே மாப்ள. மொதச் சுத்த ஜெயிக்கட்டும். அப்பத்தான் கணக்கு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஊரிலும் இப்படி ஆட்கள் உண்டு. கேட்ட பூ வந்த பிறகும், பொட்டலம் சரியாகக் கட்டவில்லை, இன்னொரு தடவை போடு என்பார்கள். அவர்களுக்கு விருப்பமில்லை என்பது பூசாரி உட்பட எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் சுற்றையும் ஜெயித்தார்கள். எத்தனை தடவைதான் சாமி சொல்லும்? "அடுத்ததும் ஜெயிச்சா ஃபைனல். ஃபைனல்னா நெசமாவே போன்னு அர்த்தம்" என்றாய். மலையாளி மேனேஜர் உன்னை நிறுத்தி, "போலோ பாய், ஜானா ஹை யா ரெஹ்னா ஹை? போறியா, இருக்கியா? பெண்டாட்டி பிள்ளை இருக்குல்லே, போய்க்கோ. எதுன்னாலும் இந்த வாரம் சொல்லணும், கலாஸ், அவ்வளவுதான்" என்றார். நீ இன்னும் கொஞ்சம் நாள் கேட்டாய்.

அந்தச் சுற்றும் கடைசி ஆட்டம் வரைக்கும் போய், அதில் தோற்றார்கள். நமக்கு விடிந்து, ரெஸ்டாரண்டில் காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கப்பல்காரன் ஒருத்தன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். இடிந்துபோய் நிற்பாய் என்று நினைத்தேன். நீயோ பெருமூச்சு விட்டாய். "பாத்தியா மாப்ள, சாமிக்கு இஷ்டமில்ல" என்றாய், பல்வலி நின்றவன் மாதிரி. கட்டியிருந்த ஏப்ரனோடு மேலே ஆபீஸுக்குப் போய் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய்.

மத்தியானம் ரூமில் உன்னைப் பிடித்துக் கத்தினேன். "ரெண்டு தடவ போன்னு சொல்லுச்சுல்ல? மூணாவது தடவ ஒன்ன எவன்டா கேக்கச் சொன்னது?"

நீ பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாய். "இங்க நான் பஹ்ரைன்காரன். அங்க போனா நான் யாரு மாப்ள? எம்புள்ளைக்கு அந்த மாமா" என்றாய்.

"பக்கத்துல போயி இருந்தாத்தானேடா அப்பாவாக முடியும்!"

டூட்டிக்கு நேரமாச்சு என்று போய்விட்டாய். பயமாக இருக்கிறது என்று மே மாதமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் லீவு போட்டு உன்னைக் கையைப் பிடித்து வீட்டுவாசலில் கொண்டுபோய் விட்டிருப்பேனே! அதற்கு எதற்கடா ஒரு சீசன், அத்தனை ஆட்டம்?

அடுத்த வருஷம் கோடையில், வெள்ளிக்கிழமை குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன், நெஞ்சு ஒருமாதிரி இருக்கு என்று சுவரில் சாய்ந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஊருக்கு ஃபோன் செய்தவன் நான். "அக்டோபர்ல லீவுல வாரேன்னாகளேண்ணே, அந்த ஆட்டமெல்லாம் முடியவும் வாரேன்னாகளே" என்று உன் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுபடியும் ஆட்டத்தின்மேல் போட்டிருக்கிறாய். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதது பாதி உனக்காக, பாதி ஆத்திரத்தில். என் கான்ட்ராக்ட் முடிந்ததும் யாரையும் எதையும் கேட்காமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

போன வாரம் உன் மகள் தன் கல்யாணப் பத்திரிகை வைக்க அம்மாவோடு வந்தாள். அம்மா உள்ளே என் வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "மாமா, அப்பாவுக்கு ஊருக்கு வரணும்னு ஆசையே இல்லையா?" என்று கேட்டாள்.

அந்த இரவைச் சொன்னேன். நீ தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்ததை, என்னைத் தூக்கியதை, பாய் கொடுத்த பெட்டியை, அந்தக் கம்பளியை. "ஒன்னப் பாக்கப் போறேன்னு அப்படிக் குதிச்சான்மா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பறம் ஏன் மாமா வரல?"

"ஆபீஸ்ல விடலம்மா. மேனேஜர் சரியில்ல."

"நல்லாவா இருப்பான் அவன்!" என்று சபித்தாள். உன்னைப் போ போ என்று விரட்டிய அந்த நல்ல மனுஷன், எங்கே இருக்கிறாரோ, உனக்கு வரவேண்டிய சாபத்தை வாங்கிக்கொண்டார். உண்மையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை அவளுக்கு என்றைக்கும் கொடுக்கமாட்டேன். அந்தக் கோபமும் உன்மேல் இருக்கிறது.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "அப்பா எடத்துல நீங்களும் அத்தையும் மணவறையில நிக்கணும் மாமா" என்றாள்.

ஒரு தடவைதான் கேட்டாள். உடனே சரியென்றேன். நீ நிற்க வேண்டிய இடமடா அது.