மேடையில் நீ மாற்றிச் சொன்ன வார்த்தை

நேற்று ஒத்திகைக்கு முன் உன் கிரீடத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை வெட்டி நீ செய்தது. இன்னும் அதில் தேயிலைத் தூளின் வாசம் இருக்கிறது. நீ இறந்துபோய் ஐந்து மாதம் ஆகிறது. கிரீடத்தை யாரிடமும் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். துக்கம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. உனக்கு மட்டும் உள்ளதை எழுதுகிறேன். அது பயம்.

ஓணத்துக்கு நம் தெருப் பெண்கள் நாடகம் போடுவது என்று ஆறு வருடங்களுக்கு முன் முடிவானபோது கதை எழுதியவள் நான். மூடுபனி நாட்டை ஆளும் அக்கா, தங்கை, இரண்டு ராணிகள். கணவாய்க் காற்றோடு வரும் சிறகு முளைத்த பாம்பு, பயந்தவர்களின் நிழலைத் தின்று வளரும். இருவரும் ஒரே ஈட்டியைச் சேர்ந்து பிடித்தால்தான் அது விழும். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். வசனத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து சொல்ல வைப்பேன். மூத்த ராணி நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நீ இடுக்கி எஸ்டேட்டில் பிறந்தவள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலைக்கு வந்து எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தாய். மலைச்சரிவில் ஆள் கூப்பிட்டுப் பழகிய உன் குரல், வாசகசாலை மைதானத்தின் கடைசி வரிசை வரை மைக் இல்லாமலே போனது. பெண்கள் கை தூக்கி உன்னை மூத்த ராணி ஆக்கினார்கள். எழுபது வயதில் நான் உனக்குத் தங்கை. உன் முன் மண்டியிடும் காட்சியை எழுதியவளும் நானே.

ஒத்திகையை எட்டிப் பார்த்த ஒருவர், "ஏனுங்க, ராசா எப்பங்க வருவாரு?" என்று கேட்டார். நீ ஈட்டியைத் தாழ்த்தாமலே, "ராசா அடுப்படியில இருக்காரு அண்ணாச்சி. சோறு வெந்ததும் வருவாரு" என்றாய். அன்று நான்கூடச் சிரித்துவிட்டேன்.

மூன்றாம் வருட நாடகத்தில், கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மூன்று பெண்கள் பாம்பாக நெருங்கி வந்தார்கள். அடுத்த வசனம் என்னுடையது. ஒன்றும் வரவில்லை. வார்த்தை மட்டுமல்ல, ஈயக்கிரீடம் வைத்த இந்தப் பெண் யார், எதற்கு என் முன் நிற்கிறாள் என்பதே ஒரு கணம் தெரியவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். கதையில் இல்லாத ஒன்றைக் கேட்டாய்.

"பேடியா, தங்கச்சி?"

மலையாளத்தில் 'பேடி' என்றால் பயம். தமிழில் கோழை, போர்க்களத்திலிருந்து ஓடி வந்தவன் மேல் வீசும் வசவு. மலையாளம் பேசுகிறவர்கள் அமைதியாக இருந்தார்கள். நம் தமிழ் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் வசனம் எனக்குத் திரும்பி வந்தது.

நாடகம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினேன். இரண்டு மொழியும் உனக்கு அரைகுறை என்றேன். தார்ப்பாயை மடித்துக்கொண்டே, "தப்புதாம்மா, வாய் தவறிருச்சு" என்றாய். மறுநாள் வேடச் சேலையைத் திருப்பித் தர வந்தபோதுதான் மெல்லச் சொன்னாய்.

"அந்நேரம் நீங்க எங்கயோ போயிட்டீகம்மா. ஆஸ்பத்திரியில காட்டுங்க."

தொண்டை வறண்டுபோயிற்று என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் என் பக்கத்தில் நின்று என் வசனத்தை முணுமுணுத்தாய், உன் பாடத்தை உருப்போடுகிறவள் போல. ஞாபகசக்தி போதாது என்று உன்னைக் கேலி செய்தார்கள். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

போன வாரம் நம் சித்தூர் பஸ் நிலையத்தில் நின்றேன். பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் படிக்க முடிந்தது. அவற்றில் எது என் ஊர் என்று தெரியவில்லை. தெரிந்த பெண் ஒருத்தி தோளைத் தொட்டபோது, ஒருவருக்காகக் காத்திருப்பதாகப் பொய் சொன்னேன். மகனிடம் சொல்லவில்லை. தெரிந்தால் முதலில் வீட்டுச் சாவி போகும், பிறகு பேனா, பிறகு நான் சொல்வதைக் காதில் வாங்கும் வழக்கம்.

நேற்று ஒத்திகையில் பாம்பு வந்தது. எனக்கு வசனம் வரவில்லை. உன் வேடத்துக்கு வந்த புது அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்டை, வெளிச்சம் என்று சாக்குகளைத் தேடினேன். என் கணவர் போனபோதுகூட இந்தப் பெண்கள் முன் நான் கண் கலங்கியதில்லை. வா, போ, நில் என்பதைத் தவிர அவர்களிடம் ஒரு 'ங்க' போட்டுப் பேசியதும் இல்லை.

"எனக்கு மறந்துபோச்சுங்க," என்றேன். "இன்னைக்கு மட்டுமில்லைங்க, ரொம்ப நாளாவே. அன்னைக்கு மேடையிலயும் தப்பு அவளுதில்லைங்க. என்னுது."

தார்ப்பாய்க்குள்ளிருந்து, பாம்பின் தலையாக இருந்தவள் வியர்த்த முகத்தை வெளியே நீட்டினாள்.

"பாம்புக்குத்தான் வசனமே இல்லீங்களே அம்மா. உங்களுதை நான் உள்ள இருந்து சொல்றனுங்க."

சொன்னாள். நான் பேசினேன். நாளை மறுநாள் அவள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்.

பயம் போய்விடவில்லை. காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல், ஒவ்வொருவர் பெயராக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். கணவர், மகன், மருமகள், தெருப் பெண்கள். கடைசியாக உன் பெயர். அதற்கு முன் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இன்று வந்துவிட்டது.