பெரியப்பா மூன்று வருடம் கோபமாக இருந்த கதை

ஏரி வீடு, மே 19, ஞாயிறு

அன்பு மகள் ஔதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, ஆனால் அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் அதுவும் நலம் என்றே வைத்துக்கொள். அங்கே பெர்த்தில் நீயும் உன் நேதனும் சுகம்தானே. உங்களுக்குக் குளிர்காலம் தொடங்குகிறது, பதினெட்டு டிகிரிதான் என்று போன வாரம் போனில் அழுதாய், இங்கே நேற்று எட்டு டிகிரி, எதிர்க்கரையில் ஒரு ஆள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இது உன் அப்பாவையும் பெரியப்பாவையும் பற்றிய விஷயம், இந்த வீட்டில் இருப்பதோ இரண்டே அறை, எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர்கள் காதில் விழும், எழுதினால் மட்டும்தான் நான் கடைச் சாமான் லிஸ்ட் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஏரியின் பனிக்கட்டி உடைந்தது, நாங்கள் இந்தப் புதன்கிழமை வந்து வீட்டைத் திறந்தோம். எலிகள் இந்த வருடம் என் மெத்தையைத் தின்றிருக்கின்றன, அப்பாவின் மெத்தையைத் தொடவில்லை. கழிப்பறைக் கூரையில் பிர்ச் மரக்கிளை விழுந்து பெரிய ஓட்டை, உள்ளே உட்கார்ந்தால் வானம் தெரிகிறது, 'இப்படியே இருக்கட்டும், காத்தோட்டமா இருக்கு' என்று அப்பா சொன்னார், அந்த வாரம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். வியாழன் விடுமுறை, வழக்கம்போல ரெய்யோ பெரியப்பா தம்பெரேயிலிருந்து விடிகாலை முதல் பஸ் பிடித்து வந்து இறங்கினார். அண்ணன் தம்பிக்கு வீடு பாதிப்பாதி என்பதால் வேலையும் பாதிப்பாதி, மே மாதம் படகுத்துறையைத் தண்ணீரில் இறக்குவது, நாணலுக்குள் கம்பிக் கூண்டு வைத்து ஹௌகி மீன் பிடிப்பது, அக்டோபரில் முய்க்கு மீனுக்கு வலை போட்டு முடித்து, ஏரி உறைவதற்குள் துறையை மறுபடி கரையேற்றுவது. அன்றும் இரண்டு பேரும் இடுப்புவரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நின்று காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை துறையை இறக்கினார்கள், ஒரு வார்த்தை இல்லை. அப்பா கையை நீட்டுவார், பெரியப்பா அதில் சுத்தியலை வைப்பார். எனக்கு இதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. நான் சவோப் பக்கத்துக்காரி, எங்கள் ஊரில் துறை இறக்கினால் எதிர்க்கரைக்காரனுக்கும் சேர்த்து யோசனை சொல்வோம், ஆனால் இந்த ஹாமேக்காரர்களோடு நாற்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தி எனக்கு எல்லாம் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காபி நேரத்தில் பெரியப்பா ஒரு கவரை எடுத்து ஏலக்காய் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தன் பாதியை ஹெல்சின்கியிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு விற்கிறாராம், திங்கட்கிழமை கையெழுத்தாம். அவர்கள் ஏப்ரலிலேயே வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆவிக் குளியலுக்கு இருக்கிற சவுனாவை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் வைத்து யோகா அறை கட்டலாமா என்று கேட்டார்களாம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் தலைகீழாக நிற்க, இந்தப் பக்கம் நான் மீன் கழுவிக்கொண்டிருக்க வேண்டும், நினைத்துப் பார். அப்பா காகிதத்தை இரண்டு முறை படித்தார், மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தார், எழுந்து விறகு வெட்டப் போய்விட்டார். பெரியப்பா துறையின் நுனியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. இந்த வீடு போனால் எங்களுக்குக் கோடை என்று ஒன்று கிடையாது, டவுன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து கார் நிறுத்துமிடத்தை எண்ண வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை பெரியப்பா கூண்டைப் பார்க்கக் கிளம்பினார், நானும் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். படகில் ஒரு வசதி, எதிரில் இருக்கிறவர் எழுந்து விறகு வெட்டப் போக முடியாது. நூறு மீட்டர் போனதும் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டேன். 'இப்பச் சொல்லுங்க, எதுக்கு விக்கிறீங்க?' என்றேன். நாணலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். 'அவனும் நானும்தான் பேசிக்கிறதில்லையே ஹில்க்கா, அப்புறம் ஒரே வீட்டுல பங்கு எதுக்கு?' என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். 'மூணு வருஷமா' என்றார். எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. இந்த மனிதர் மூன்று வருடமாகக் கடுங்கோபத்தில் மௌன விரதம் இருந்திருக்கிறார், நாங்கள் ஒருத்தரும் கவனிக்கவே இல்லை. 'கோவம்னா அதைக் கொஞ்சம் வெளியே காட்டக் கூடாதா?' என்றேன். 'காட்டினேனே. போன வருஷம் ரெண்டாவது கப் காபி வேணாம்னு சொன்னேன்ல' என்றார்.

பிறகுதான் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. மூன்று அக்டோபருக்கு முன்னால், இரண்டு பேரும் வலையிலிருந்து முய்க்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா உன் அப்பாவிடம் ஒன்று கேட்டிருக்கிறார். அய்லி பெரியம்மா தவறி அப்போது ஒரு வருடம். 'அந்த ஃபிளாட்டுல ஃபிரிட்ஜ் சத்தத்தைத் தவிர ஒண்ணும் இல்லடா. குளிர்காலத்துக்கும் இங்கயே வந்து இருந்துக்கட்டுமா? ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிச்சுக்கிட்டுக் கெடப்பேன்' என்றாராம். அந்த மனிதர் வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டவரில்லை, இதைக் கேட்க எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாரோ. அதற்கு உன் அப்பா சொன்ன பதில், 'அப்படியா.' அவ்வளவுதான், சொல்லிவிட்டு மறுபடி மீனை வாளியில் போட ஆரம்பித்துவிட்டாராம். 'அப்படியான்னா என்ன ஹில்க்கா அர்த்தம்? வராதேன்னுதானே? மறு வருஷமே பின்னறையைப் பிரிச்சுப் போட்டுப் புதுசு பண்றான், உனக்கு இங்க எடமில்லன்னு ஆணியடிச்சுக் காட்டுறான்' என்று சொல்லிவிட்டு அந்த ஆறேகாலடி மனிதர் துடுப்பை எடுத்து நாணலுக்குள் வலித்தார். கூண்டில் மூன்று கிலோ ஹௌகி ஒன்று விழுந்திருந்தது, இரண்டு பேருக்கும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படத் தெம்பில்லை.

கரை இறங்கியதும் மீனைத் தூக்கிக்கொண்டு நேராக விறகுக் கொட்டகைக்குப் போனேன். 'உங்க அண்ணன் மூணு வருஷமா உங்ககூடப் பேசறதில்லையாம், தெரியுமா?' என்றேன். அப்பா கோடரியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். 'போன அக்டோபர்ல வலை இழுக்கறப்ப, இழுடான்னு சொன்னானே' என்றார். அது கோபத்தில் சொன்னதாம் என்றேன். 'அப்படியா' என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த ஹௌகியாலேயே ஓங்கி ஒன்று போட்டிருப்பேன், அதற்குப் பல் அதிகம் என்பதால் விட்டேன். அண்ணன் அவ்வளவு கேட்டதற்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று கத்தினேன். 'யோசிச்சுக்கிட்டு இருந்தேன்' என்றார். 'குளிருக்கு இங்க ஒரு மனுசன் இருக்க முடியுமான்னு பாக்கணும்ல. சுவரு ஒல்லி. குழாய் உறையும். அதான் ஒண்ணொண்ணா செஞ்சுக்கிட்டு வந்தேன்.' அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பின்னறைச் சுவருக்குள் பஞ்சு அடைத்தது, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டது, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு ஆளுயரக் குழி தோண்டித் தண்ணீர்க் குழாய் பதித்தது, எல்லாம் அண்ணனுக்காகவாம். போன கோடையில் அங்கே ஒரு கட்டில் செய்தார், எதற்கு இவ்வளவு நீளம், குதிரையா படுக்கப் போகிறது என்று கேட்டதற்கு 'பலகை நீளமா இருந்துச்சு' என்றாரே, அதுவும்தான். வாயால் சொன்னால் 'வா' என்று ஒரே எழுத்து, அதை உன் அப்பா மூன்று வருடமாக ரம்பத்தாலும் சுத்தியலாலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அண்ணன் அதைப் 'போ' என்று படித்திருக்கிறார்.

நான் நடுவில் நின்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், சொல்லக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். சாயங்காலம் சவுனாவைச் சூடாக்கி இரண்டு பேரையும் உள்ளே தள்ளினேன், 'பேசிட்டு வந்தாத்தான் மீன் சூப்பு, இல்லாட்டி பட்டினி' என்று அப்பா காதில் சொல்லிவிட்டு வெளிப்படியில் உருளைக்கிழங்கோடு உட்கார்ந்தேன். இரண்டு கிலோ உரித்து முடித்தேன், உள்ளே சுடுகல்லில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும்தான். மூன்று பேருக்கு எதற்கு இரண்டு கிலோ, ஆனால் எழுந்து போகவும் மனசில்லை. கடைசியில் அப்பா குரல் கேட்டது. 'கட்டில் நீளம் போதுமா பாரு.' 'எந்தக் கட்டிலு?' 'பின்னறையில. உனக்குத்தான் செஞ்சேன். குளிருக்கு வர்றேன்னியே.' மறுபடி ஒரு கரண்டித் தண்ணீர் கல்லில் விழுந்தது. 'அட மடையா, மூணு வருஷம் கழிச்சா சொல்லுவ?' 'நீ திரும்பக் கேக்கலியே' என்றார் உன் அப்பா.

கதவு திறந்தது, பெரியப்பா உடம்பெல்லாம் சிவந்து ஆவி பறக்க, இடுப்பில் துண்டோடு என்னைத் தாண்டிப் பின்னறைக்கு ஓடினார். கட்டில் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன், காலை நீட்டிப் படுத்திருந்தார், பாதத்துக்குக் கீழே இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. 'போதும்டா தைஸ்தோ!' என்று ஏரிக்கு அந்தப்பக்கம் கேட்கிற மாதிரி உன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கத்தினார். பிறகு இருந்த ஒரே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார், நான் சட்டென்று திரும்பி உருளைக்கிழங்குக்கே வந்துவிட்டேன். இன்று காலை ஹெல்சின்கிக்காரர்களுக்குப் போன் செய்ய அரை மணி நேரம் துறையில் மேலும் கீழும் நடந்தார், அந்தப் பக்கம் எடுத்ததும் 'இல்ல' என்று சொல்லி வைத்துவிட்டார். எதற்கு இல்லை என்று கேட்டு அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள், நான்தான் எடுத்துச் சொன்னேன்.

இதோடு முடித்துக் கவரை ஒட்டப் போனேன், அப்போது அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். 'ஔதியும் என் மேல கோவமா இருக்காளா?' என்றார். ஈஸ்டர் அன்று நீ போனில் நவம்பரில் கல்யாணம், நீங்கள் வருவீர்களா அப்பா என்று கேட்டாய், அவர் 'அப்படியா' என்று சொல்லி போனை என் கையில் கொடுத்துவிட்டார். அதன்பிறகு வாராவாரம் பேசுகிறாய், அவர் முழங்காலைக்கூட விசாரிக்கிறாய், அப்பாவிடம் போனைக் கொடு என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும் ஔதி. ஊருக்கெல்லாம் பேசுகிற நான் இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை, கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன், ஸ்டாக்ஹோம் வரை கப்பலில் போய்வந்ததைத் தவிர எங்கும் போகாத மனிதர். ஆமாம், கோபமாகத்தான் இருப்பாள், இல்லாவிட்டால் அழுதிருப்பாள் என்று உள்ளதைச் சொன்னேன். எழுந்து போய் மீன்பிடிப் பெட்டியைக் கொண்டுவந்தார், தூண்டில் முள்ளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு புத்தம்புது பாஸ்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தார், ஏப்ரல் மாதத் தேதி, போட்டோவில் கைதி மாதிரி இருக்கிறார். 'ஈஸ்டர் முடிஞ்ச வாரமே வாங்கிட்டேன்' என்றார். பாஸ்போர்ட் அவளுக்குப் பெர்த்திலிருந்து தெரியுமா, இதை நான் சொல்லமாட்டேன், நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கையில் கொடுத்திருக்கிறேன்.

நேதனிடம் இப்போதே சொல்லிவை, மாமனார் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கேயோ ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுப்பது என்று எழுது, அங்கே நவம்பர் வெயிலுக்கு இவருக்கு என்ன சட்டை வாங்குவது என்றும் மறக்காமல் எழுது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சிரிக்க வைத்துக்கொண்டு நூறு வருடம் நன்றாக இருங்கள். ஆண்டவன் துணை.

உன் அம்மா,
ஹில்க்கா

ஔதி, வருகிறேன். நீ கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.
அப்பா