பக்கத்துக் கட்டிலில் ஸாலிஹா

2024 மார்ச் 5, செவ்வாய்

இரத்தம் சுத்திகரிக்கும் மிசின் ஓடத் தொடங்கியதும் வழக்கம்போலக் கண் செருகிவிட்டது. வாவிக்கு மேலே மிதந்தேன். தோணி இல்லை, நானேதான். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கமாகத் தண்ணீர் என்னை மெல்ல இழுத்துக்கொண்டு போனது. கால் வீக்கமில்லை, தாகமில்லை. என் புருஷன் நோபேட் முன்னால் நீந்திப் போனார். அவர் என்னைவிட்டுப் போய்ச் சேர்ந்த நினைவே அங்கே இல்லை.

தாதி கையைத் தட்டி எழுப்பினாள். அழுகை வந்தது. ஏன் எழுப்பினாள்?

பக்கத்துக் கட்டில் ஸாலிஹா, காத்தான்குடிக்காரி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 8

தங்கை றொசானி என்னோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்து மெலிந்துவிட்டாள். அவளுக்கும் முழங்கால் நோ. நான் இல்லாவிட்டால் ஒரு பகலாவது நிம்மதியாகப் படுப்பாள். கத்தாரில் என் மகன் ஜூலியனும் போன் மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிடத் தேவையில்லை.

இப்படி நினைக்க எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாவி முழுக்கப் பால்போல வெளிச்சம். எது தண்ணீர், எது வானம் — பிரிக்க முடியவில்லை.

மார்ச் 12

இன்று மிசினுக்குப் போகவில்லை. தலைச்சுற்று என்று றொசானியிடம் பொய் சொன்னேன். விழித்திருக்கும்போதே அந்த மிதப்பு வருகிறது. போனா என்ன? ஆருக்கு நட்டம்?

மார்ச் 13

றொசானி ஓட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். மறுக்கத் தெம்பில்லை. நேற்றுத் தவறவிட்டதால் இன்றைக்கு இடம் கேட்டு வாங்கியிருந்தாள். ஸாலிஹாவும் இருந்தாள், நோன்பு தொடங்கியதால் தன் முறையை இன்றைக்கு மாற்றிக்கொண்டாளாம்.

மிசின் ஓடத் தொடங்கியதும் என் பக்கம் கிறுகிப் பார்த்தாள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"டீச்சர், செத்துப்போகலாம் எண்டு யோசிக்கீங்களா?"

இத்தனை வயதில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கூரையைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம்."

அவள் புத்தி சொல்லவில்லை. பாவம், பிள்ளைகள், கடவுள் — ஒரு சொல்லும் இல்லை. குழாய் போடாத கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் தனக்கும் அப்படி இருந்ததாம். டொக்டரிடம் சொன்ன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதாம்.

"நீங்க சொல்லுங்க. சொல்லாட்டி நான் சொல்லுவன். என்னோட கோவிச்சாலும் பரவால்ல."

கோபம்தான் வந்தது. பிறகு, கனகாலத்துக்குப் பிறகு, சத்தமாக அழுதேன். அவளே தாதியைக் கூப்பிட்டாள். சின்ன வயது டொக்டர் ஒருவர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். எல்லாம் சொன்னேன்.

மார்ச் 15

மனநலப் பிரிவில் அவசரப்படாமல் கேட்டார்கள். நீண்டகால நோயோடு இதுவும் வருமாம். இதற்கும் வைத்தியம் இருக்கிறதாம். றொசானியும் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து என் மருந்துப் பெட்டியை எடுத்துத் தன் அறையில் வைத்தாள். வாசலில் நின்று சொன்னாள்:

"அக்கா, நீங்க இல்லாட்டி எனக்கு நிம்மதி எண்டு ஆரு ஒங்களுக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானேதான்.

ஏப்ரல் 2

மோசமான நாள். மீண்டும் அந்த வெளிச்சம். ஸாலிஹாவுக்குப் போன் எடுத்தேன். மருமகளைப் பற்றிக் குறை சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது போய்விட்டது.

ஏப்ரல் 21

றொசானி வைத்த மீன்குழம்பில் புளி கூடிவிட்டது. சொன்னேன். சண்டை.

மே 19, ஞாயிறு

ஜூலியன் போனில் வந்தான். கிறிஸ்மஸுக்கு லீவு போடவா என்று கேட்டான். வரச் சொன்னேன். என்ன கொண்டுவர வேண்டும் என்றான்.

"நல்ல செருப்பு ஒரு சோடி, மகன். கால் வீங்கினாலும் போடக்கூடிய மாதிரி. கறுப்பு வேணாம்."

அளவு கேட்டான். றொசானி என் காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். கூசியது.