பதினேழாம் இலக்கப் படம்

செப்டெம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கடற்காற்றில் தாள் காயவே இல்லை. சனிக்கிழமை கண்காட்சி. என் முதலாவது. இருபது வருடம் கல்யாண அட்டைக்கும் பாடப் புத்தகத்துக்கும் பூ வரைந்தவளுக்கு ஒரு முழு மண்டபம். இருபத்துநான்கு நீர்வர்ணப் படங்கள், எல்லாம் இந்தத் தீவின் பூக்கள்.

வாங்க: கண்ணாடி துடைக்கத் துணி, ஆணி, இவருக்கு இருமல் மருந்து.

நான்கு மணிக்கு மண்டபக்காரி திலினியின் போன். பதினேழாவதை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். கார்த்திகைப் பூ. அவருடைய சிங்களத்தில் நியங்கலா. தனக்கு ஒன்றுமில்லையாம், பார்க்க வருகிறவர்கள் வேறுமாதிரி எடுப்பார்களாம்.

வெறும் பூதானே என்றேன். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது.

10, புதன்

சாப்பிடும்போது இவர்: "புலிகள் இயக்கத்தின்ர பூ எண்டு ஒருத்தன் பேஸ்புக்கில போட்டால் காணும், வீட்டை வந்து விசாரிப்பாங்கள். ஒரு படத்துக்காக மற்ற இருபத்திமூண்டையும் விடப்போறீரோ?"

எனக்கும் பயம்தான்.

அந்தப் படத்துக்கு நாலு நாள். இதழின் மஞ்சள் சிவப்பாகும் இடம், ஈரம் காயுமுன் வந்துவிட வேண்டும். மூன்று தாள் கிழித்தேன். இதைவிட நல்லதாக நான் ஒன்றும் வரைந்ததில்லை.

பின்னேரம் திலினிக்கு மெசேஜ்: எடுத்துவிடுங்கள், படம் வீட்டிலேயே இருக்கட்டும்.

13, சனி

நல்ல கூட்டம். பட்டியல் முன்பே அச்சாகிவிட்டது. அதில் பதினேழு இருக்கிறது, சுவரில் இடைவெளி. கேட்டவர்களிடம் விற்றுவிட்டது என்று திலினி சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வவுனியாவிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் பட்டியலோடு என்னிடம் வந்தார். "பதினேழு எங்க அக்கா?"

"கண்ணாடி உடைஞ்சு போச்சு."

பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஓம், விளங்குது," என்றார், என்னைத் தேற்றுவதுபோல. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு யார் பாராட்டியதும் காதில் ஏறவில்லை.

14, ஞாயிறு

காலையிலேயே திலினிக்குப் போன் எடுத்தேன். பதினேழைக் கொண்டுவருகிறேன், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றுகிறேன் என்றேன். யாராவது கேட்டால் பொறுப்பு உங்களுடையது என்றார். ஒத்துக்கொண்டேன்.

இவர் படத்தைப் பெட்ஷீற்றில் சுற்றினார், ஓட்டோ பிடித்தார், மண்டபம் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

இப்போது படம் சுவரில். திலினி அந்தப் பக்கமே வரவில்லை. இவர் வாசலோடு கதிரை போட்டு இருமிக்கொண்டிருக்கிறார். கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம்.