ரத்தம் குடிப்பவனும் என் வீட்டுக்காரரும்

பெரிய வியாழன் இரவு, லாபிஸ், மலேசியா.

ரத்தம் குடிக்கும் பேய்க் கதைப் புத்தகங்களை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை கத்தியிருப்பேன். கேட்கவே மாட்டார். பாகம் பாகமாக வாங்கிக்கொண்டே இருந்தார்.

இன்று சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது காரில் கடைசிப் பாகத்தின் கதையைச் சொன்னார்.

"நூத்துக்கணக்கான வருஷமா ரத்தம் குடிச்சவன் மேரி. கடைசியில கோயிலுக்கு வந்து முட்டி போடுறான். ஃபாதர் அவன வெரட்டல லா. அவனுக்கே மன்னிப்பு கெடைக்குதுன்னா..."

அதற்குள் கோயில் வாசல் வந்துவிட்டது.

இவர் ஓட்டிய லோரியில் அடிபட்டு ஒருவர் செத்ததிலிருந்து இவர் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கியதே இல்லை. வரிசையில் வருவார். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு ஆசீர் மட்டும் பெற்றுத் திரும்புவார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

இன்று பூசைக்கு முன்னால், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது. பிறகு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். ஃபாதரிடம் போனதும் இவர் கைகள் மார்புக்குப் போகவில்லை. இரண்டையும் நீட்டினார். கோயிலே திரும்பிப் பார்க்கும்படி "ஆமென்" என்றார்.

அடுத்தது நான்.

"கிறிஸ்துவின் உடல்" என்றார் ஃபாதர்.

இவர் பெஞ்சுக்குத் திரும்பி முட்டி போடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்; ஃபாதர் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.