ஓர் அளவு சிறியது

போன சனிக்கிழமை மெல்பேர்ன் புறநகரான ரோவிலில் ஒரு சேலைக்கடைக்குப் போயிருந்தேன். உள்பாவாடை கேட்டேன். கடையில் நின்ற பெண் பருத்திப் பாவாடையை எடுக்கவில்லை. தோல்நிறத்தில் குழாய்போல ஒன்றை எடுத்து மேசையில் போட்டாள்.

"இப்ப எல்லாரும் சேலைக்குள்ள இதுதான் அன்ரி போடுறவை. வயிறு, இடுப்பு எல்லாத்தையும் உள்ளுக்குத் தள்ளிப் பிடிக்கும்."

விரித்துப் பார்த்தேன். புது ரப்பரின் நெடி எழுந்தது. அந்த நெடிக்கு எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான், உன்னுடையது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் இரங்கல் குறிப்பை நான்தான் எழுதினேன். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ன் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு வரவேற்பறைக்குள் அடங்கிவிடும் காலம். கிளேட்டனில் நீ மேல்மாடி, நான் கீழ்வீடு. உன் கணவர் பாலங்கள் கட்டும் பொறியியலாளர். நான் ஒரு புறநகர் வாரப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உன் மகன் வயிற்றை வெட்டித்தான் பிறந்தான். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய தந்தியில் அதை நீ சொல்லவில்லை. அம்மா பயந்துவிடுவா என்றாய். அம்மாவும் வழக்கமான பிள்ளைப்பேறு என்று நினைத்து, வழக்கமான புத்தியை எழுதி அனுப்பினா: வயிற்றைக் கட்டு.

ஊரில் வயிறு கட்டுவது எப்படி என்று நம் இருவருக்கும் தெரியும். தோய்த்துத் தோய்த்து மெதுமெதுவென்று ஆன பழைய நூல்சேலை. தாயோ மாமியோ சுற்றுவார்கள். சாப்பிட முன் தளர்த்திவிடுவார்கள். மூச்சு முட்டுகிறதா என்று கேட்பார்கள். வெட்டிய வயிறு என்று தெரிந்திருந்தால் உன் அம்மா அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டா. கிளேட்டனில் சுற்றிவிட ஆளில்லை. உன் கணவர் நகரத்துக் கடையொன்றில் கோர்செட் வாங்கி வந்தார். தடித்த ரப்பர்த் துணி, நெடுகிலும் கம்பிகள், முன்பக்கம் கொளுக்கி வரிசை.

"ஓர் அளவு சின்னனாத்தான் வாங்கினனான். அப்பதான் வேலை செய்யும்," என்றார்.

"பாலத்தையே நிமித்தி வைக்கிற மனிசனுக்கு என்ர வயிறு ஒரு வேலையோ?" என்று நீ சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எடியே, தையல் இன்னும் காயேல்லை. கழட்டடி."

"விசர்க்கதை கதையாதை. அம்மா கட்டச் சொன்னதுதானே. இஞ்ச அதைத் தைச்சு விக்கிறாங்கள், அவ்வளவுதான்."

ஜனவரி வெயில். இரவிலும் நீ அதைக் கழற்றவில்லை. நோகும்போதெல்லாம் வயிறு சுருங்குகிறது என்று நம்பினாய். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் வந்துகொண்டிருந்தது. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்ததும் பிள்ளை பார்க்க எல்லாரும் வருவார்கள். பிள்ளையைப் பார்த்த கண்கள் அடுத்து உன் இடுப்புக்கு வரும். சில மாதங்களுக்கு முன் இன்னொருத்தியின் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "அவளுக்கு இன்னும் ஒண்டு உள்ளுக்க கிடக்குது போல," என்று உன் கணவர் காருக்குள் சொல்லிச் சிரித்தாராம். அதை நீ என்னிடம் சொன்னபோது உன் குரலில் பகிடி இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாளன்று மயில்கழுத்துப் பச்சையில் பட்டு உடுத்தியிருந்தாய். உன் முகம் சிவந்திருந்ததை எல்லாரும் பூரிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"பிள்ளை பெத்த உடம்பே இது? நம்பேலாமல் கிடக்கு!"

"எங்கட மருமகளுக்கும் உந்த வித்தையைச் சொல்லிக் குடு, பிள்ளை. அவ சோத்துப் பானையை விட்டு எழும்பமாட்டா."

உன் கணவர் கதிரையில் சாய்ந்திருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாலம் திறந்துவைத்தவரின் முகம். நீ வெறும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனாய். அவை நொறுங்கும் சத்தம் கேட்டுத்தான் நான் ஓடிவந்தேன். தரையில் கிடந்தாய். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கொளுக்கிகளைக் கழற்றினேன். ரப்பர் நெடிக்கு மேலால் சீழின் நாற்றம் வந்தது. வெட்டிய இடம் பாதிவரை வாய் பிளந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கோர்செட்டை விரல்நுனியால் தள்ளிவிட்டு, "இது உங்கள் நாட்டு வழக்கமா?" என்று என்னைக் கேட்டார். உள்பக்கத்துத் துணிச்சீட்டைத் திருப்பிக் காட்டினேன். ஆஸ்திரேலியாவில் செய்தது என்று இருந்தது. அவர் வாசித்தார்.

நான் என் பத்திரிகைக்குக் கோர்செட்டின் வரலாற்றை எழுதினேன். திமிங்கில வாய்த்தகடு செருகிய கச்சுகள், பின்னால் நின்று கயிறிழுத்த வேலைக்காரிகள், உள்ளே வளைந்த விலா எலும்புகள், மயங்கி விழுவதையே நளினம் என்று சொல்லிக்கொண்ட சீமாட்டிகள். ஆசிரியருக்குப் பிடித்திருந்தது. "அந்தக் காலத்துப் பெண்கள் பாவம்," என்றார். பெயர் சொல்லாமல் உன்னைப்பற்றி எழுதிய கடைசிப் பகுதியை வெட்டினார். வரலாறு போதுமாம். கட்டுரைக்குக் கீழே கோர்செட் விளம்பரம் வந்தது. அதில் இருந்தவள் மூச்சு விடுகிறவளாகவே தெரியவில்லை.

நீ பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பால் வற்றிப்போயிற்று. மகன் போத்தலில் வளர்ந்தான். காயம் ஆறியபின் அடுத்த கோர்செட்டை நீயே போய் வாங்கினாய். அதன்பிறகு யார் வீட்டில் சோறு போட்டாலும் தட்டின்மேல் கையை வைத்து மறைத்து, "எனக்கு இவ்வளவு காணும்," என்பாய். நீ வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

உன் செத்தவீட்டில் பெட்டியருகே நின்ற ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்: "இந்த வயசிலயும் என்ன அளவான உடம்பு பாருங்கோ." அவளை வெளியே இழுத்துக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தச் சொல் உனக்குக் கேட்டிருந்தால் நீ கோபித்திருக்க மாட்டாய். எனக்கு அது தெரியும். மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நீ முதலில் பிள்ளையைக் கேட்கவில்லை.

"வந்தவை என்ன சொன்னவை?" என்றாய்.

கேட்டதைக் கேட்டபடி சொல்வது என் தொழில். "பிள்ளை பெத்த உடம்பெண்டே தெரியேல்லையாம்," என்றேன்.

காய்ச்சலில் வெடித்த உதடுகளோடு நீ சிரித்தாய். அதற்குப் பிறகு எத்தனையோ முகங்களை எழுதிவிட்டுக் கடந்து வந்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை இறக்கிவைக்க எனக்கு இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை.