கண் திறக்காத மூன்று நாட்கள்

அனுப்புநர்:
தியோடோரா சிமர்மாதா,
நிலவியல் ஆசிரியை, திருச்சபை மேல்நிலைப் பள்ளி,
லும்பான் ஹாரியாரா, சமோசிர் தீவு, தோபா ஏரி.

பெறுநர்:
பள்ளிகளின் மேற்பார்வையாளர் அவர்கள்,
திருச்சபை வட்டார அலுவலகம்.

பொருள்: வேதபாட ஆசிரியர் ஹோத்லான் சிதுங்கிர் அவர்களை நியாஸ் தீவுக்கு மாற்றும் உத்தரவை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வேதம் சொல்லும் படைப்பின் ஆறு நாட்களில் சூரியன் நான்காம் நாளில்தான் படைக்கப்பட்டது என்றால், முதல் மூன்று நாட்களை எது அளந்தது? மாணவி ஒருத்தி ஹோத்லானின் வகுப்பில் இதைக் கேட்டாள். நான் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்காருபவள். ஆயினும் ஊரே இதைப் பற்றிப் பேசும் இந்த வாரத்தைப் போல் ஒன்றை என் பணிக்காலத்தில் கண்டதில்லை.

1. நம் பாதாக் மொழியில் சூரியனுக்குப் பெயர் 'நாளின் கண்'. கண் திறக்கும் முன் நாள் உறங்கிக்கொண்டிருந்தது, ஆகவே அந்நாட்கள் யுகங்களாகவும் இருக்கலாம் என்று ஹோத்லான் வகுப்பில் சொன்னார்.

2. சபை மூப்பரும் அவருடைய மாமனாருமான மங்காதுர் சிஹாலோஹோ மாலையே பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். "உன் அத்தைக்குக் கண்ணு தெரியாது. அதுக்காக அவளுக்கு ஒரு நாளுன்னா ஒரு யுகமா, மருமகனே? சேவல் கூவினா அவளுக்கும் விடிஞ்சிருது!" என்றார். பெண் கொடுத்தவரை நாம் எதிர்த்துப் பேசுவதில்லை. ஹோத்லான் பேசிவிட்டார்: "சேவலே அஞ்சாம் நாள்தானே வந்துச்சு, மாமா!" வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மூப்பரின் புகார் தங்களிடம் வந்தது அந்தச் சிரிப்பினால்தான் என்பது என் கணிப்பு.

3. சந்தையில் மீன் சுட்டு விற்கும் பாடகர் குழுத் தலைவி மாமனார், மருமகன் இருவரையும் கண்டித்தார்: "அந்தப் படைப்புக் கதையே ஒரு பாட்டுய்யா! பாட்டுல சரணத்த எண்ணுவாங்களா, நிமிஷத்த எண்ணுவாங்களா?"

4. மறுநாள் மாணவிகளை மேட்டுச்சாலைப் பாறைவெட்டுக்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள வெண்ணிற அடுக்குகள் பழைய ஏரிச்சேறு. ஏரியின் அடித்தளம் மெல்ல மேலெழுந்துதான் நம் தீவானது. "அப்ப நம்ம ஊரே மூணாம் நாளு, டீச்சர்! தண்ணி விலகித் தரை வந்த நாளு!" என்று கத்தினாள் அதே மாணவி. இதே சேற்றைக் காட்டி வருடாவருடம் கொட்டாவி வாங்கியவள் நான். அன்று பிள்ளைகள் நகத்தால் சுரண்டினார்கள், உடுப்பெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டார்கள், ஒருவரை ஒருவர் பேசவே விடவில்லை.

வேதத்தைப் பாறைக்கு ஏற்ப வளைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாறையை வேதத்துக்கு ஏற்ப வளைப்பதிலும் இல்லை. ஆனால் இப்போது ஹோத்லானை அனுப்பிவிட்டால் பிள்ளைகள் கற்பது ஒன்றைத்தான்: கேட்காதே. எனவே உத்தரவை நிறுத்திவைத்து, தாங்களே ஒருமுறை அந்தப் பாறைவெட்டுக்கு வந்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.

லும்பான் ஹாரியாரா,
14 ஆகஸ்ட்.
(ஒப்பம்) தியோடோரா சிமர்மாதா

பின்சேர்க்கை, 15 ஆகஸ்ட்: காற்று பலமாக வீசியதால் படகு போகவில்லை, மனு என் பையிலேயே இருந்தது. இன்று ஹோத்லானும் நானும் பிள்ளைகளோடு பாறைவெட்டில் இருந்தபோது, மூப்பர் தம் மனைவியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு அங்கேயே வந்தார். "முதல் நாளே வெளிச்சம் வந்தாச்சு. சாயங்காலமும் காலையும் ஆச்சு. நாள அளக்கச் சூரியனும் வேணாம், சேவலும் வேணாம்!" என்றார் மருமகனிடம். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹோத்லான் பதில் சொல்ல வாயெடுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்ற இடத்தில் மூப்பர் இம்மனுவைக் கேட்டு வாங்கி முழுதும் படித்தார். "இவன அனுப்பிட்டா நான் யாரை ஜெயிக்கிறது?" என்று சொல்லி இம்மனுவின் அடியிலேயே கையொப்பமிட்டார். புகாரை அவர் திரும்பப் பெறவில்லை.

(ஒப்பம்) மங்காதுர் சிஹாலோஹோ,
புகார்தாரர்